ஸ்டேட் பட்ஜெட்டைத் தாண்டியும் மீறல் இல்லீங்கறாங்க, எப்படிங்க? அமெரிக்கா நாக்ஸ் டிரேடிங் டவுட்டு

சரவணம்பட்டி_ஷீட்டு:

ஏனுங்க, இந்த குரூப்ல பாய்லர், பவர் பிளான்ட் ஆளுங்க கொஞ்சம் பேரு இருக்கீங்கல்ல, அதான் இங்க கேக்கறனுங்க. நான் ஐடில டேட்டா வேலை, கிளையன்ட் அமெரிக்கா. அங்க கரன்ட் தயாரிக்கற பிளான்ட்டுக விடற நைட்ரஜன் ஆக்சைடு, அதான் நாக்ஸ், அதுக்கு ஒரு டிரேடிங் ஸ்கீம் இருக்குதுங்களாமா, அந்த ஷீட்டைக் குடுத்து டேஷ்போர்டு போடச் சொல்லிட்டாங்க. 'ஸ்டேட் பட்ஜெட்'னு காலம் (column) பேரைப் பாத்ததும் நான் பணக் கணக்குன்னு நெனச்சு டாலர் குறி போட்டு அனுப்பிட்டேன், மீட்டிங்ல சிரிச்சு மானத்த வாங்கிட்டாங்க. அது டன் கணக்காமா. சரி அது போவுட்டும்.

இப்ப டவுட்டு என்னன்னா, ஒரு ஸ்டேட்டுக்கு இத்தனை டன்னுன்னு பட்ஜெட் இருக்குது, அந்த சீசன்ல மொத்தமா விட்டது அதவிட ஜாஸ்தியா இருக்குது, நான் செவப்பு அடிச்சு 'மீறல்'னு போட்டேன், லீடு வந்து இது மீறல் இல்ல மாத்துங்கறார். தாண்டுனா மீறல் இல்லீனா அப்பறம் என்னத்துக்குங்க பட்ஜெட்டு? பக்கத்துலயே 'அஷ்யூரன்ஸ் லெவல்'னு இன்னொரு காலம் வேற, அது பட்ஜெட்டை விடப் பெருசா இருக்குது. யாராச்சும் நம்ம பாசைல சொல்லுங்க, மேனுவல தொறந்தா தூக்கந்தான் வருது.

மேட்டூர்_ரிட்டயர்டு:

தம்பி, உங்க லீடு சொன்னது சரிதான். நான் அனல் மின் நிலையத்துல பாய்லர் சைடு இருந்து ரிட்டயர் ஆனவன், இதெல்லாம் சும்மா ஆசைக்குப் படிச்சு வெச்சது.

பட்ஜெட்ங்கறது அந்த ஸ்டேட்டுக்குப் போட்ட வேலி இல்ல. அந்த ஸ்டேட்டு பேர்ல எத்தனை டோக்கன் அடிக்கறாங்கங்கற எண்ணிக்கை, அவ்வளவுதான். அலவன்ஸ்ம்பாங்க, ஒரு அலவன்ஸ் ஒரு டன். அவங்க டன்னு 907 கிலோ சொச்சம், நம்ம 1000 கிலோ டன் இல்ல, அதைக் கன்வர்ட் பண்ணாம கூட்டிப் போட்டீங்கன்னா மறுக்கா சிரிப்பாங்க. பட்ஜெட் 10,000 டன்னுன்னு வைங்க, 10,000 டோக்கன், அதை அங்க இருக்கற பிளான்ட்டுகளுக்கு முன்னாடி வருசங்கள்ல எவ்வளவு எரிச்சு ஓட்டுனாங்கங்கறதை வெச்சுப் பிரிச்சுக் குடுத்துட்டு, புதுசா வர்ற யூனிட்டுக்குன்னு கொஞ்சம் ஒதுக்கி வெச்சுருவாங்க. சீசன்ங்கறது மே 1ல இருந்து செப்டம்பர் 30 வரைக்கும், ஏன்னா நாக்ஸ் வெயில்ல பட்டுத்தான் தரைமட்டத்துல ஓசோனாகுது, அது நெஞ்சுக்கு ஆகாது. முடிஞ்சதும் சிம்னி மீட்டர் எத்தனை டன் காட்டுச்சோ அத்தனை டோக்கனை பிளான்ட்டுக்காரன் கட்டணும். கையில பத்தலீன்னா வெளிய வாங்கலாம், அடுத்த ஸ்டேட்டுக்காரன்கிட்டக்கூட. மிச்சம் புடிச்சா அடுத்த வருசத்துக்கு வெச்சுக்கலாம். அப்படி வெளிய வாங்குனதும் போன வருசத்து மிச்சமும் சேந்தா ஒரு ஸ்டேட்டோட மொத்தம் பட்ஜெட்டைத் தாண்டத்தானே செய்யும்.

ஆனா காசு இருந்தா எவ்வளவு வேணா விடலாம்னா அதுவும் அநியாயம், அங்கதான் அஷ்யூரன்ஸ் லெவல். ஓசோன் சீசனுக்கு பட்ஜெட்டுக்கு மேல 21 சதவீதம். வெயில் அதிகமான வருசம் ஏசி ஓடிக் கரன்ட் தேவை ஏறும், அந்த ஏத்த எறக்கத்தைக் கணக்குப் பண்ணி விட்ட எடம் அது. ஆக 10,000 பட்ஜெட்டுக்கு 12,100. மொத்தம் 11,300 போச்சுன்னா ஒரு பிரச்சனையும் இல்ல. 12,600 போச்சுன்னா 500 டன் மீறல், டன்னுக்கு ரெண்டு வீதம் 1,000 டோக்கன் மேக்கொண்டு கட்டணும், ஏற்கெனவே கட்டுனது தனி. அதையும் கவர்மென்ட்டு கட்டாது, தன் பங்குக்கு மேல விட்ட கம்பெனிக மட்டும் அவங்கவங்க மீறுன அளவுக்குப் பிரிச்சுக் கட்டணும், அடங்கி ஓட்டுனவனுக்கு ஒண்ணும் இல்ல. நீங்க ஷீட்ல பட்ஜெட் வரைக்கும் பச்சை, அங்கிருந்து அஷ்யூரன்ஸ் வரைக்கும் மஞ்சள், அதுக்கு மேல செவப்புன்னு வெச்சுருங்க.

கடைமடை_முத்தூர்:

நம்ம கீழ்பவானி முறைத் தண்ணி மாதிரிதானுங்க இது. ஒத்தப்படை மதகு ரெட்டப்படை மதகுன்னு 2,07,000 ஏக்கரை ரெண்டாப் பிரிச்சு முறை வெச்சுருக்காங்கல்ல, மதகுக்கு இவ்வளவுன்னு அளவு, நமக்கு அந்தத் தவணை வேண்டாம்னா பக்கத்துத் தோட்டத்துக்காரருக்கு விட்டுக் குடுக்கறோம். அளவு மதகுக்கு, புழக்கம் தோட்டத்துக்காரங்களுக்குள்ள.

ஒரத்துப்பாளையம்_பேரன்:

அண்ணா கோவிச்சுக்காதீங்க, அந்த உதாரணம் பாதிதான் ஒட்டும். தண்ணிய விட்டுக் குடுத்தா வாங்குனவரு வெள்ளாமை நல்லாருக்கும், கீழ இருக்கறவனுக்குக் கேடு இல்ல. இது அழுக்கு. நொய்யலை எடுத்துக்குங்க. மேல திருப்பூர்ல சாயப்பட்டறை, கீழ எங்க தோட்டம், நடுவுல 1992ல கட்டுன அணை, அது பாசனத்துக்கு ஆனதைவிட சாயத்தண்ணித் தொட்டியா இருந்ததுதான் ஜாஸ்தி, எங்க அப்புச்சி அந்தத் தண்ணிய மாட்டுக்குக் கூட காட்டமாட்டாரு. இப்ப ஒரு பேச்சுக்கு சாயத்தண்ணில டிரேடிங் இருக்குதுன்னு வைங்க. திருப்பூர்ல ஒரு பட்டறை அழுக்கைக் கொறச்சுட்டு மிச்ச டோக்கனை ஈரோட்டுப் பட்டறைக்கு வித்துச்சுன்னா, மொத்தக் கூட்டுத்தொகை சரியா இருக்கும், நொய்யல்காரன் தப்பிச்சுக்குவான், ஆனா காளிங்கராயன் வாய்க்கால்ல பாயிச்சறவன் கதி? அவனுக்கு மொத்தம் கொறஞ்சா என்ன கொறையாட்டி என்ன, அவன் வாய்க்கால்ல கொறையணும்.

இதே வழக்குத்தான் அங்கயும் நடந்துச்சு. 2003ல இருந்து 2008 வரைக்கும் நாக்ஸ் பட்ஜெட் டிரேடிங் நல்லாவே ஓடுச்சு, அடுத்து 2005ல போட்ட கேர்ங்கற (CAIR, ஸ்டேட் விட்டு ஸ்டேட் போற பொகைக்கான) விதியை எதுத்து வடக்கு கரோலினா கோர்ட்டுக்குப் போச்சு. 2008ல வாசிங்டன் அப்பீல் கோர்ட்டு சொன்னது, ரீஜன் மொத்தத்துல கொறஞ்சுதுன்னு காட்டுனா பத்தாது, எந்த ஸ்டேட்டோட பொகை காத்து வாக்குல அடுத்த ஸ்டேட்டைக் கெடுக்குதோ அந்த ஸ்டேட்டுக்குள்ளயே கொறையோணும்னு. அதுக்குப் பதிலாத்தான் 2011ல வந்த கிராஸ் ஸ்டேட் விதில இந்த அஷ்யூரன்ஸ் லெவலைக் கொண்டாந்து வெச்சாங்க. டிரேடிங்கும் வேணும், ஸ்டேட்டுக்கு ஒரு கடிவாளமும் வேணும், ரெண்டுக்கும் நடுவுல புடிச்சதுதான் உங்க ரெண்டாவது காலம்.

சரவணம்பட்டி_ஷீட்டு:

அடேங்கப்பா, இப்பத்தான் உரைக்குது. கஞ்சிக்கோட்டுப் பக்கம் ஃபர்னஸ் பொகை பாலக்காட்டுக் கணவாய்க் காத்துல நம்ம பக்கம் வந்தா எப்படியோ அப்படி, நம்ம மாசு வாரியம் கேரளாவுல போயி நோட்டீஸ் ஒட்ட முடியாதுல்ல. சரிங்ணா, அந்த 10,000ங்கற நம்பரை யாரு எதை வெச்சு முடிவு பண்றாங்க?

மேட்டூர்_ரிட்டயர்டு:

கணவாய் உதாரணம் அருமை தம்பி. நம்பர் வர்ற வழி காலத்துக்குக் காலம் மாறுச்சு. 1998ல அங்கத்த சுற்றுச்சூழல் ஏஜென்சி இபிஏ மொதல்ல போட்டப்ப நேரடிக் கணக்கு, ஒவ்வொரு ஸ்டேட்டும் எரிச்ச வெப்பத்தை எடுத்து வளர்ச்சியச் சேத்து, பத்து லட்சம் பிடியூ-வுக்கு (அவங்க வெப்ப அளவு) 0.15 பவுண்டு நாக்ஸ்னு பெருக்கிட்டாங்க. பின்னாடி ரெண்டு படி வந்துச்சு. காத்து போற பக்கத்து ஊர்ல ஓசோன் ஸ்டாண்டர்டுல ஒரு சதவீதத்துக்கு மேல உன் பொகை போய்ச் சேருதான்னு பாப்பாங்க, 2015 ஸ்டாண்டர்டு 70 பிபிபி (நூறு கோடில 70 பங்கு), அதுல ஒரு சதவீதம்னா 0.70 பிபிபி. சேருதுன்னா நீ உள்ள. உள்ள வந்தப்பறம், ஒரு டன் கொறைக்க இவ்வளவு டாலர் வரைக்கும் செலவு பண்ணுன்னு எல்லாருக்கும் ஒரே கோடு, 2011ல அது 500 டாலரு, 2016ல 1,400. அந்தச் செலவுல எவ்வளவு கொறையுமோ அது போக மிச்சம் பட்ஜெட்டு. இப்படி செலவை வெச்சுப் பிரிக்கறது செல்லும்னு 2014ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு 6க்கு 2ன்னு சொல்லுச்சு.

இதுல எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா, பட்ஜெட்டைத் தளர்வா வெச்சுட்டா டோக்கன் வெலை மண்ணாப் போயிரும். கோடிக்கணக்குல செலவு பண்ணி எஸ்சிஆர் கட்டி வெச்சுட்டு, அதான் அம்மோனியா அடிச்சு நாக்ஸை நைட்ரஜனா மாத்தற யூனிட்டு, அதை ஓட்டாம சும்மா போட்டுட்டு டோக்கன் வாங்கிக் கட்டுனாங்க, ஏன்னா அம்மோனியாவை விட டோக்கன் மலிவு. 2016 திருத்தம் முக்கியமா அதை ஓட்ட வெக்கத்தான். மிஷின் இருக்குது, ஓட்டறதுக்கு மனசு வரமாட்டேங்குது, நம்மூர்ல சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டிட்டு கரன்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரி நிறுத்துன கதைக நாமளும் கேட்டவங்கதான.

கடைமடை_முத்தூர்:

சரி உதாரணத்துல தோத்துட்டேன் 😄 நம்ம நாட்டுல இது எதும் இருக்குதுங்களா?

ஒரத்துப்பாளையம்_பேரன்:

நாக்ஸுக்கு இல்லீங். சூரத்துல 2019ல இருந்து தூசிக்கு, அதாவது சிம்னில வர்ற துகளுக்கு ஓடுது, உலகத்துலயே துகளுக்கு மொதல்ல வந்த மார்க்கெட் அதுதான். 2011ல மத்திய அமைச்சகம் பைலட்டுக்குன்னு சொன்ன மூணு மாநிலத்துல நம்ம தமிழ்நாடும் ஒண்ணு, குஜராத் போயிருச்சு, நாம இன்னும் இங்கயே நிக்கறோம்.

மேட்டூர்_ரிட்டயர்டு:

ஆமா, நம்மகிட்ட இருக்கறது மில்லிகிராம் கணக்கு. மேட்டூர்லயே பாருங்க, பழைய 210 மெகாவாட் நாலு யூனிட்டுக்கு கன மீட்டருக்கு 600 மில்லிகிராம், 600 மெகாவாட் புது யூனிட்டுக்கு 450. அது பொகை எவ்வளவு கெட்டியா இருக்கலாம்ங்கற கணக்கு, வருசத்துக்கு எத்தனை டன் விடலாம்ங்கறது அதுல வராது. மொத்த டன்னுக்கு ஒரு தொகை போட்டாத்தான் அது பட்ஜெட்டு.

சரவணம்பட்டி_ஷீட்டு:

ரொம்ப தேங்க்ஸுங்ணா எல்லாருக்கும். மூணு கலர் வெச்சுக் காட்டுனேன், லீடுக்குப் புடிச்சுது, ஆனா மஞ்சளை மட்டும் வெளிர் பச்சையா மாத்தச் சொல்லிட்டார், கிளையன்ட் மஞ்சளைப் பாத்தா போன் பண்ணுவாராம். 2023ல வந்த குட் நெய்பர் பிளான்னு இதே வரிசைல அடுத்த விதி, அதோட பட்ஜெட்டும் ஒரு காலமா இருந்துச்சு, அதை 2024 ஜூன்லயே அங்கத்த சுப்ரீம் கோர்ட்டு நிறுத்தி வெச்சிருச்சுன்னு தெரியாம அதை வெச்சும் மூணு ஸ்டேட்டுக்குச் செவப்பு அடிச்சிருக்கேன், இப்ப ராத்திரி பதினொண்ணு, உக்காந்து அதை அழிச்சுட்டு இருக்கறனுங்க.