‘கஸ்டம் கேர்னல்’ – ‘தெரிவுக் கருனி’ என்று வைக்கலாமா?

நண்பர்களே, வணக்கம்.

கேர்னல், அதாவது கருனி, என்பது பணிசெயல் முறைமையின் (ஒப்பரேட்டிங் சிஸ்டம்) மையப் பகுதி. அதன் இரு வகைகளுக்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலுக்கு என் கருத்து இது. டெபியன், உபுண்டு போன்ற லினக்ஸ் வழங்கல்கள் எல்லோருக்குமாகத் தரும் ‘ஜெனரிக் கேர்னல்’ பொதுக் கருனிதான். அதில் எல்லோருக்கும் உடன்பாடு, விட்டுவிடுவோம். தேவைக்கேற்ப மூல நிரலிலிருந்து தாமே கட்டிக்கொள்ளும் (கம்பைல் செய்யும்) ‘கஸ்டம் கேர்னல்’ என்பதற்கு வந்திருக்கும் மூன்று சொற்களிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

முதலில் ‘மெலிகருனி’. மிக அடிப்படையான வேலைகளை மட்டும் கருனிக்குள் வைத்திருக்கும் மைக்ரோகேர்னலைக் குறிக்கும் நுண்கருனியோடு இது குழம்பும். மேலும், கருனியைத் தாமே கட்டுகிற எல்லோரும் குறைப்பதற்காகக் கட்டுவதில்லை. ஒலிப்பதிவு செய்கிற ஒருவர் நிகழ்நேர வசதியை (குறித்த நேரத்துக்குள் வேலை நடக்கச் செய்வதை) சேர்க்கத்தான் கட்டுவார். அந்த வசதி லினக்ஸின் மூல நிரலில் முழுமையாகச் சேர்ந்ததே 2024இல் வந்த 6.12 பதிப்பில்தான், அதற்கு முன் தனியாக பாட்ச் (மூல நிரலுக்கான திருத்தக் கோப்பு) எடுத்துப் போட்டுத் தொகுத்தார்கள்.

‘தனிப்பயன் கருனி’ ஒருவருக்கு மட்டும் உரியது போல ஒலிக்கிறது. ஒரே கருனியைக் கட்டி ஆயிரக்கணக்கான ரவுட்டர்களில் போடுகிறார்களே, அதை என்ன சொல்வது?

‘அளவுக் கருனி’ அழகான சொல். அளவெடுத்துத் தைத்த சட்டை என்று வவுனியா நண்பர் சொன்ன விளக்கமும் பிடித்தது. ஆனால் அது ஒரு தவறான எண்ணத்துக்குத் துணைபோகும். இங்கே திருகோணமலை உவர்மலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பணிசெயல் முறைமை பாடம் எடுக்கும்போது பார்க்கிறேன்: பொதுக் கருனி தேவையில்லாத செலுத்திகளால் (வன்பொருளை இயக்கும் டிரைவர்கள்) நினைவகத்தை நிரப்புகிறது என்றே பலர் நம்புகிறார்கள். உண்மையில் டெபியனோ உபுண்டுவோ தரும் கருனியில் பெரும்பாலான செலுத்திகள் தனித்தனி மொடியூல்கள், அதாவது தேவைப்படும்போது ஏற்றிக்கொள்ளும் துண்டுகள். எந்த வன்பொருள் இருக்கிறதோ அதற்குரியது மட்டுமே நினைவகத்துக்கு வரும், மற்றவை வட்டில் கிடக்கும். ஆகவே சொந்தமாகக் கட்டினால் மிஞ்சும் நினைவகம் பலர் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. சொல்லிலேயே ‘அளவு’ இருந்தால் பிள்ளைகள் அங்கேயே நின்றுவிடுவார்கள்.

வேறுபாடு இருப்பது தெரிவில். கட்டுமுன் ஒவ்வொரு வசதிக்கும் பதில் சொல்ல வேண்டும்: உள்ளேயே வேண்டுமா, மொடியூலாகவா, வேண்டாமா? பொதுக் கருனியில் அதை எல்லோருக்குமாக வழங்கல் குழு சொல்லிவிடுகிறது. மற்றதில் கட்டுகிறவரே சொல்கிறார், விளைவும் அவர் தலையில்தான். ‘லோக்கல்மொட்கொன்ஃபிக்’ கட்டளையைப் பாருங்கள். அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மொடியூல்களை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கிவிடும். அன்றைக்குச் செருகாத வெப்கேமரா புதுக் கருனியில் வேலை செய்யாமல் போகலாம். பாதுகாப்புத் திருத்தம் வந்தாலும், டெபியனிலும் உபுண்டுவிலும் மென்பொருளை நிறுவித் தரும் ‘ஆப்ட்’ கொண்டுவந்து தராது, மறுபடி நாமே தொகுக்க வேண்டும்.

அதனால் என் முன்மொழிவு ‘தெரிவுக் கருனி’. ‘தேர்வுக் கருனி’ என்றால் தமிழ்நாட்டு நண்பர்களுக்குப் பரீட்சைதான் முதலில் நினைவுக்கு வரும். ‘தெரிவு’ இரு கரையிலும் விளங்கும், இங்கே பாடசாலை வினாத்தாளிலேயே புழங்குகிறது. அந்தப் பதில்களைச் சேமிக்கும் கொன்ஃபிக் கோப்பு ‘தெரிவுக் கோப்பு’ ஆகும், அவற்றைத் திரையில் தெரிந்தெடுக்கும் மெனுகொன்ஃபிக் ‘தெரிவுப் பட்டி’ ஆகும். ஒரு வேரிலிருந்து மூன்று சொல் கிடைப்பது எனக்குப் பெரிய விஷயம்.

பொதுக் கருனியும் யாரோ செய்த தெரிவுதானே என்று கேட்பீர்கள். சரிதான். அதனால் வரையறையை இப்படி எழுதலாம்: ‘தெரிவுக் கருனி – குறிப்பிட்ட வன்பொருளுக்கோ பணிக்கோ ஏற்ப, வசதிகளைத் தெரிந்தெடுத்துத் தொகுத்த கருனி.’ ‘வசதிகளை’ என்பதற்குப் பதில் ‘கூறுகளை’ பொருத்தமா என்று மட்டும் சொல்லுங்கள்.