எக்ஸாஸ்ட் ஃபேன் போட்ட பிறகு கேஸ் கீசர் மஞ்சளாக எரிகிறது, குளித்தால் தலை சுற்றுகிறது

கேள்வி (காரைக்குடி):
வணக்கம். எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டில் இருந்த சாமான் அறையைக் குளியலறையாக மாற்றி, புகைக்குழாய் வைத்த கேஸ் கீசரை உள்ளேயே பொருத்தியிருக்கிறோம். மூன்று ஆண்டுகள் தொல்லை எதுவும் இல்லை. ஈரத்தில் சுவரின் காரை உதிர்ந்ததால் போன மாதம் எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டோம். பூரான் வருகிறதென்று கதவின் அடி இடுக்கையும் ரப்பர் பட்டையால் அடைத்தோம். அதன்பின் நீலமாக எரிந்த சுடர் மஞ்சளாகிவிட்டது. கீசரின் முகப்பைத் தொட்டால் விரலில் மை போலக் கரி ஒட்டுகிறது. இன்று காலை குளித்துவிட்டு வந்த அப்பத்தா, தலை சுற்றுகிறதென்று வளவுத் தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். கேஸ் வாடை துளியும் இல்லை. பர்னரைச் சுத்தம் செய்தால் போதுமா?

மறுமொழி (தேவகோட்டை):
போதாது. கீசரை உடனே நிறுத்திவிட்டு, அப்பத்தாவை இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, கீசர் புகையைச் சுவாசித்தார்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள். கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு ஏறிய இரத்தத்தையும் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் நல்ல அளவாகவே காட்டும் என்பதால், அதை மட்டும் நம்பாமல் இரத்தப் பரிசோதனை கேளுங்கள். கசிவு தெரிவதற்காகச் சிலிண்டர் கேஸில் வாடை சேர்க்கிறார்கள். காற்றுப் போதாமல் எரியும்போது உண்டாகும் இந்த நச்சு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

சிலிண்டர் கேஸில் உள்ள புரொப்பேன் ஒரு பங்கு முழுமையாக எரிய ஏறத்தாழ 24 பங்கு காற்றும், பியூட்டேனுக்கு 31 பங்கும் வேண்டும். கதவிடுக்கை அடைத்ததால் அந்தக் காற்று வரும் வழி போய்விட்டது. ஃபேனோ அறைக் காற்றை வெளியே இழுக்கிறது. ஈடுசெய்ய வேறு வழியில்லாததால், மேலே போக வேண்டிய புகை குழாய் வழியாகவே அறைக்குள் திரும்புகிறது. பழுது பர்னரில் இல்லை, நீங்கள் செய்த அந்த இரண்டு மாற்றங்களில்தான் இருக்கிறது என்பது என் கணிப்பு.

மறுமொழி (பள்ளத்தூர், பிளம்பிங் வேலை):
அண்ணன் சொன்னது சரி. நான் சோதிக்கும்போது, கீசருக்கு மேலே புகைக்குழாய் தொடங்கும் திறப்பின் அருகே எரியும் ஊதுபத்தியைப் பிடிப்பேன். புகை குழாய்க்குள் இழுபட வேண்டும். முகத்தை நோக்கி வந்தால் இழுப்பு இல்லை என்று பொருள். இதைத் தனியாகச் செய்யாதீர்கள், கைதேர்ந்தவரை வைத்துச் செய்யுங்கள். குழாயின் வெளிமுனையில் குளவிக்கூடு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு வீட்டில் கைப்பிடி அளவுக் கூட்டை நானே எடுத்திருக்கிறேன். இருந்தாலும், கனத்த சுவரும் சிறிய சன்னலும் உள்ள அறைக்குள் கீசர் வைப்பதை நான் ஒப்புக்கொள்வதே இல்லை. பின்கட்டில் தாழ்வாரத்தின் கீழ் மாட்டி, சுடுநீரை மட்டும் குழாயில் உள்ளே கொண்டு வாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. கீசரை நிறுத்தி ரெகுலேட்டரையும் கழற்றிவிட்டேன். அப்பத்தாவை இப்போதே அழைத்துச் செல்கிறோம். கீசரைக் கிணற்றடித் தாழ்வாரத்துக்கு மாற்றும் வரை விறகடுப்பில் வெந்நீர் போட்டுக்கொள்வோம்.