டீப் பர்ப்பிள் என்ற ஆங்கில ராக் குழுவின் ‘ஸ்மோக் ஆன் த வாட்டர்’ பாட்டு உங்களுக்கு எங்கே வந்து மாட்டியது?

ஏரிக்கரை:

நான் சுவிஸில் மொந்த்ரோ நகரத்து ஹோட்டல் ஒன்றின் சமையலறையில் 11 வருடம் வேலை செய்தவன். பாத்திரம் கழுவுவதில்தான் ஆரம்பம், எங்கள் ஆட்கள் நிறையப் பேரைப் போல. ஒரு டிசம்பர் இரவு வேலை முடிந்து ஏரிக்கரையோரம் நடந்து வருகிறோம். கூட வந்த வயதான சுவிஸ்காரர் அங்கிருந்த சின்ன நினைவுச் சின்னத்தைக் காட்டி, இதை வாசி பார்ப்போம் என்றார். இசைக்குறிகள். எனக்கு எங்கே தெரியும்? அவரே வாயால் போட்டுக் காட்டினார்: டண் டண் டாண், டண் டண் ட-டாண். அட, இதுவா! கிட்டார்க் கடைப் பக்கம் போனாலே எவனாவது தட்டிக்கொண்டிருப்பானே, அது.

அதுவரை எனக்கு அது வெறும் சத்தம்தான். வரிகளை ஒருநாளும் கவனித்ததில்லை. கவனித்தால் கிட்டத்தட்ட ஒரு பத்திரிகைச் செய்தி அது. 1971 டிசம்பர் 4, இதே ஊர்க் கசினோவில் அமெரிக்க ராக் இசைக்காரர் ஃபிராங்க் ஸாப்பாவின் மதியக் கச்சேரி. கூட்டத்தில் ஒருவன் மேலே பார்த்துச் தீச்சுடர் வீசும் சமிக்ஞைத் துப்பாக்கியைச் சுட்டுவிட்டான். கூரை முழுக்கப் பிரம்பு வேலைப்பாடு, கேட்கவா வேண்டும். கட்டடமே போய்விட்டது, ஆனால் ஓர் உயிரும் போகவில்லை. இந்த ஊர் ஜாஸ் இசை விழாவைத் தொடங்கிய குளோட் நோப்ஸ் ஓடி ஓடிப் பிள்ளைகளை வெளியே இழுத்துவிட்டார். பாட்டில் வரும் ‘ஃபங்கி குளோட்’ அவர்தான். (ஸாப்பாவுக்கு அது என்ன கிரகமோ, அடுத்த வாரமே லண்டனில் ஒருவன் அவரை மேடையிலிருந்து கீழே தள்ளிவிட்டான்.)

டீப் பர்ப்பிள் வந்ததே அந்தக் கசினோவில் ஆல்பம் பதிவுசெய்யத்தான். ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இன்னொரு குழுவின் ஒலிப்பதிவு லாரியை வாடகைக்குக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், கசினோ கண் முன்னால் எரிகிறது. ஏரிமேல் புகை படர்வதைப் பார்த்திருந்த பாஸ் கிட்டார்காரர் ரோஜர் குளோவர், சில நாள் கழித்துத் தூக்கத்திலிருந்து விழிக்கும்போது இந்தத் தலைப்பு வாயில் வந்ததாம். போதைப்பொருள் பாட்டு என்று நினைப்பார்களோ என்று அவர்களுக்கே கொஞ்சம் தயக்கம்.

என்னோடு நடந்து வந்த சுவிஸ் பெரியவருக்கு அப்போது 17 வயது. உள்ளே இருக்கவில்லை, டிக்கெட்டுக்குக் காசில்லை. வீட்டு ஜன்னலால் பார்த்தாராம். அம்மா காயப்போட்டிருந்த துணியெல்லாம் புகை நாற்றம், மறுபடி அலசவேண்டி வந்தது என்பதுதான் அவர் நினைவில் முதலில் நிற்பது.

ஆறாம்தந்தி:

நானும் அந்தக் கடைக் கோஷ்டிதான், மன்னிக்கவும். மூன்று வருடம் தப்பாகவே வாசித்தேன். ஆறாம் தந்தியில் பவர் கார்ட் (இரண்டு சுரம் சேர்ந்த பிடி) பிடித்து, பிக்கால் (தந்தியை மீட்டும் சின்னத் தகடு) ஓங்கி அடிப்பேன். கேட்க ஏதோ குறையும், என்னவென்று பிடிபடாது. ஒருநாள் வாத்தியார் பிக்கைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நாலாம் தந்தியையும் மூன்றாம் தந்தியையும் அழுத்தாமல் திறந்தபடி விட்டுத் தொடங்கி, இரண்டையும் விரலால் ஒன்றாகக் கிள்ளு என்றார். அவ்வளவுதான், அப்படியே டீப் பர்ப்பிள் கிட்டார்காரர் பிளாக்மோரின் சத்தம்! பவர் கார்டில் ஐந்தாம் சுர இடைவெளி. இதில் நாலாம் சுர இடைவெளி. இரண்டு தந்தியும் ஒரே நொடியில் ஒலிக்க வேண்டும், அதற்குத்தான் விரல். இன்னொன்று: பின்னால் உறுமுவது இன்னொரு கிட்டார் இல்லை, குழுவின் கீபோர்டுக்காரர் ஜான் லார்டின் ஹேமண்ட் ஆர்கன். அதை மார்ஷல் ஆம்ப்ளிஃபையர் வழியாக விட்டிருக்கிறார். தனியாகக் கிட்டாரில் மட்டும் அந்தக் கனம் வரவே வராது, சத்தத்தை மாற்றும் பெடல் எத்தனை வாங்கினாலும். நான் வாங்கிப் பார்த்துவிட்டேன்.

பழையகசற்:

பதிவான கதையும் பாதி சிரிப்புத்தான். இந்தப் பாட்டின் வாத்தியப் பகுதியைப் பவிலியன் என்ற அரங்கில் ராத்திரியில் எடுத்திருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் யாருக்கும் தூக்கமில்லை, போலீஸ் வந்துவிட்டது. கூட வந்த ஆட்கள் உள்ளேயிருந்து கதவை அழுத்திப் பிடித்துக்கொள்ள, வாசித்து முடித்தார்களாம். அப்புறம் அங்கிருந்து கிளப்பிவிட்டார்கள். குளிருக்குப் பூட்டிக் கிடந்த கிராண்ட் ஹோட்டல் தாழ்வாரத்தில் மெத்தைகளை அடுக்கி மற்றப் பாட்டுகள். எடுத்ததை லாரிக்குப் போய்க் கேட்டுவர அறை அறையாக, பால்கனி பால்கனியாகத் தாண்டவேண்டும். சரி, கேட்கவே வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள்.

இத்தனைக்கும், இது ஓடும் என்று அவர்களுக்கே நம்பிக்கையில்லை. 1972இல் சிங்கிளாக (தனிப் பாட்டு ரெக்கார்டாக) வெளியிட்டது ‘நெவர் பிஃபோர்’; இப்போது யாருக்காவது அது ஞாபகம் இருக்கிறதா? இது 1973 மே மாதம்தான் அமெரிக்காவில் சிங்கிளாக வந்து பில்போர்டு பட்டியலில் 4ஆம் இடம் வரை ஏறியது. ஏறிக்கொண்டிருந்த ஜூன் மாதமே பாடகர் கிலனும் தலைப்புக் கொடுத்த குளோவரும் குழுவை விட்டு விலகிவிட்டார்கள். எனக்கு இது மாட்டியது மாமாவின் ‘மேட் இன் ஜப்பான்’ கசற்றில், அது அவர்களின் நேரடிக் கச்சேரி ஆல்பம். டேப் இழுபட்டு, டிரம்ஸின் ஹை-ஹாட் தாளத்தட்டு நுழையும் இடத்தில் ஒரு வழுக்கல் வரும். இன்றும் சுத்தமான பதிவைக் கேட்டால் அந்த இடத்தில் காது வழுக்கலுக்குக் காத்திருக்கிறது.

ஏரிக்கரை:

@ஆறாம்தந்தி, பெரியவரிடம் விரல் விஷயத்தைச் சொன்னேன். தனக்கு இது எப்போதோ தெரியும் என்று ஒரே போடு. கசினோ இப்போது இருக்கிறதா என்று தனியே கேட்டவருக்கு: 1975இல் திரும்பக் கட்டித் திறந்துவிட்டார்கள். ஒருமுறை உள்ளே போனேன். போனதும் முதல் வேலையாகக் கூரையைத்தான் அண்ணாந்து பார்த்தேன். பிரம்பு எதுவும் கண்ணில் படவில்லை.