போர்ச்சுகலுக்கு இரண்டுமே எளிது, அப்புறம் ஏன் துணியை வெளியில் வாங்க வேண்டும்?

கேள்வி: அரைகுறை

பொருளாதார அறிஞர் ரிக்கார்டோ 1817-ல் கொடுத்த வணிகக் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். குறிப்பிட்ட அளவு துணிக்கு இங்கிலாந்தில் 100 பேரின் ஓராண்டு உழைப்பு வேண்டும், ஒயினுக்கு 120 பேர். போர்ச்சுகலில் துணிக்கு 90, ஒயினுக்கு 80. இரண்டிலுமே போர்ச்சுகல்தான் கெட்டி. 90 பேரை வைத்துத் தானே நெய்துகொள்ள முடிகிறவன், 100 பேர் செய்ததை எதற்கு வாங்க வேண்டும்? புத்தகத்தில் ‘ஒப்பீட்டு நன்மை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். சரி, அது உண்மை என்றால் அரசாங்கங்கள் ஏன் இறக்குமதி வரி போடுகின்றன?

பதில்: பழைய வாத்தியார்

100-ஐயும் 90-ஐயும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறீர்கள், அங்கேதான் சறுக்கல். படிக்கிற காலத்தில் நானும் அங்கேதான் முட்டிக்கொண்டேன். இதையே பாடமாக நடத்தியபோது வகுப்பில் பாதிப் பேர் முட்டியதும் அதே இடத்தில்தான்.

இங்கிலாந்தில் எத்தனை பேர் வியர்த்தார்கள் என்பது போர்ச்சுகலுக்குத் தேவையில்லாத விஷயம். துணிக்கு ஈடாகத் தன் கையிலிருந்து என்ன போகிறது என்பதுதான் அதன் கவலை. ஒன்றுக்கு ஒன்று மாற்றிக்கொண்டால் போவது ஓர் அளவு ஒயின், அதாவது 80 பேரின் உழைப்பு. தானே நெய்தால் 90. பத்துப் பேர் மிச்சம். இங்கிலாந்து 100 பேரின் துணியைக் கொடுத்து, தான் செய்தால் 120 பேர் பிடிக்கும் ஒயினை வாங்குகிறது. அதற்கு இருபது பேர் மிச்சம். இரண்டிலும் கெட்டியாக இருந்தாலும், தனக்குள் எது அதிக மலிவோ அதைச் செய்து மற்றதை வாங்குவது லாபம்; உங்கள் புத்தகத்தின் ‘ஒப்பீட்டு நன்மை’ இதுதான்.

நம்பிக்கை வரவில்லையா? மொத்தத்தைப் போட்டுப் பாருங்கள். தனித்தனியாகச் செய்தபோது இரண்டு நாடுகளிலும் சேர்த்து 2 துணி, 2 ஒயின். இங்கிலாந்தின் 220 பேரும் துணிக்கே போனால் 2.2 துணி. போர்ச்சுகலின் 170 பேரும் ஒயினுக்கே போனால் 2.125 ஒயின். ஒருவர்கூட ஒரு மணி நேரம் கூடுதலாக உழைக்கவில்லை.

வரி விஷயத்துக்கு ஒரு உதாரணம். 2018-ல் அமெரிக்கா இறக்குமதியாகும் சலவை இயந்திரங்கள் மீது வரி போட்டது. முதல் 12 லட்சம் இயந்திரங்களுக்கு 20 சதவீதம், அதற்கு மேல் வருவதற்கு 50. பிறகு பொருளாதார ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தார்கள். விலை சுமார் 12 சதவீதம் ஏறியிருந்தது. உள்நாட்டுத் தயாரிப்பாளர்களும் சேர்ந்து ஏற்றினார்கள், போட்டியாளனுக்கு வரி விழும்போது எவன் சும்மா இருப்பான்? எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான்: துணி உலர்த்தும் இயந்திரத்துக்கு வரியே இல்லை, அதன் விலையும் கிட்டத்தட்ட அதே அளவு ஏறியது. கடையில் இரண்டும் ஜோடியாகத்தானே விற்கின்றன! புதிதாகக் கிடைத்த வேலைகள் சுமார் 1,800. ஒரு வேலைக்கு வாங்குவோர் தலையில் விழுந்தது ஆண்டுக்கு ஏறத்தாழ 8 லட்சத்து 15 ஆயிரம் டாலர்.

பதில்: எதிர்க்கட்சி

கணக்கு அழகாக இருக்கிறது வாத்தியாரே. ஆனால் போர்ச்சுகலில் நெய்துகொண்டிருந்த 90 பேர் மறுநாள் காலையில் திராட்சைத் தோட்டத்தில் நிற்பார்களா? சீனாவிலிருந்து வந்த இறக்குமதியால் அமெரிக்கத் தொழில் ஊர்கள் பட்ட பாட்டை ஆட்டர், டோர்ன், ஹான்சன் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் மூவரும் 2013-ல் எழுதினார்கள். போன வேலைக்குப் பதில் வேலை அந்த ஊர்களுக்குத் தானாக வந்துவிடவில்லை. அந்த 1,800 பேரிடம் போய் உங்கள் 8 லட்சம் டாலரைச் சொல்லிப் பாருங்கள்.

பதில்: பழைய வாத்தியார்

நியாயம், மறுக்கமாட்டேன். மொத்தம் கூடுகிறது என்று மட்டும்தான் கோட்பாடு சொல்கிறது. கூடியது யார் கைக்குப் போகும் என்று அது சொல்வதே இல்லை. பாடம் நடத்தியபோது நானும் அந்த இடத்தை வேகமாகக் கடந்திருக்கிறேன், பாடத்திட்டம் முடிய வேண்டுமே. அரசாங்கங்கள் வரி போடுவதற்கும் பாதிக் காரணம் இதுதான். இழப்பு ஓர் ஊரில் குவிகிறது, சத்தம் கேட்கிறது. லாபம் கோடிப் பேருக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவுகிறது, அதற்காக யாரும் ஊர்வலம் போவதில்லை.

ஆனால் வேலை போனவருக்கு உதவ வரிதான் வழியா? அந்த 8 லட்சத்தில் ஒரு பங்கை நேராக அவர் கையில் கொடுத்தாலே போதுமே. வரியாவது அரசுக் கஜானாவுக்குக் கொஞ்சம் கொண்டுவரும், வரிக்குப் பதில் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்தால் அதுவும் கிடையாது. 1981-ல் ஜப்பான் அமெரிக்காவுக்கு அனுப்பும் கார்களை ஆண்டுக்கு 16 லட்சத்து 80 ஆயிரம் என்று ‘தானாக’ கட்டுப்படுத்திக்கொண்டது. கார் குறைந்தது, விலை ஏறியது. கஜானாவுக்கு ஒன்றும் வரவில்லை. கூடுதல் விலை ஜப்பானிய நிறுவனங்களின் பைக்கே போனது!

அரைகுறை

கார் கதையைப் பிறகு பார்க்கிறேன், முதலில் என் கணக்கைத் திருத்துங்கள். ஓர் அளவு ஒயினுக்கு 1.3 துணி வேண்டும் என்று போர்ச்சுகல் அடம்பிடித்தால் இங்கிலாந்து வாங்காது, ஏனென்றால் 130 பேரின் உழைப்பு போய்விடும், தானே செய்தால் 120 தான். 0.8 துணிதான் தருவேன் என்றால் போர்ச்சுகல் எழுந்து போய்விடும், அந்த 80 பேரே தன் ஊரில் 0.89 துணி நெய்துவிடுவார்கள். ஆக பேரம் 0.89-க்கும் 1.2-க்கும் நடுவில். சரியா?

பழைய வாத்தியார்

சரி. பரீட்சையில் 0.89 என்று மட்டும் எழுதாமல் 80/90 என்றும் எழுதுங்கள், வழிமுறைக்கு மதிப்பெண் உண்டு.