படமோ நாவலோ, பக்கத்தில் இருந்தவர் மனதில் நின்றுவிட்ட அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

வெள்ளவத்தைக்காரி

'டூரிஸ்ட் ஃபேமிலி' படம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், முழுக்கதை சொல்லவில்லை. இலங்கையிலிருந்து கள்ளமாக ராமேஸ்வரத்தில் இறங்கி, சென்னையில் ஒளிந்து வாழும் ஒரு தமிழ்க் குடும்பம், அவ்வளவுதான். 2025 மே மாதம், காலி வீதித் தியேட்டர், சனிக்கிழமை பின்னேரக் காட்சி. தங்கச்சிக்குக் காய்ச்சல் என்பதால் தனியப் போனேன். பக்கத்தில் எழுபது தாண்டிய ஒரு அன்ரி, பேத்தியோடு.

வாயைத் திறந்தால் இலங்கை என்று பிடிபட்டுவிடுவார்கள், அதனால் கேரளா என்று சொல்லச் சொல்லுவார்கள்தானே. அதில் தியேட்டரே சிரித்தது. நானும் சிரித்தேன். அன்ரி சிரிக்கவில்லை. பேத்தியின் பக்கம் குனிந்து சொன்னா: "எண்பத்திமூண்டில எங்களுக்கு ஒரு வாளியைக் காட்டித்தான் கேட்டவங்கள், பிள்ளை."

பிள்ளைக்கு விளங்கவில்லை. எனக்கு உடம்பு சில்லிட்டது. வாளிக்குச் சிங்களத்தில் 'பால்திய'. 83 இனக்கலவரத்தில் அதைச் சொல்லவைத்து, நாக்குப் பிசகினால் தமிழர் என்று பிடித்த கதை எங்கள் வீட்டிலும் உண்டு. திரையில் ஒரு குடும்பம் தன் தமிழை ஒளிக்கிறது. பக்கத்துச் சீட்டில் இருக்கிறவ, தன் சிங்களத்தில் தமிழ் தெரிந்துவிடக்கூடாது என்று ஒரு நாள் நடுங்கியிருக்கிறா.

இடைவேளையில் அவ பேத்திக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தா, என்னைப் பார்த்துச் சிரித்தா. அந்தச் சொல்லை அன்றைக்குச் சரியாகச் சொன்னீர்களா அன்ரி, கூட நின்றவர்களும் சொன்னார்களா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அதுதான் இன்றைக்கும் கிடந்து அரிக்கிறது.

படம் எனக்குப் பிடித்தது. அந்தத் தெருவில் எல்லாரும் இவ்வளவு கெதியாக நல்லவர்களாகிவிடுவதை மட்டும் என்னால் நம்ப முடியவில்லை.

கொட்டாஞ்சேனை

வெள்ளவத்தை அக்கா எழுதியது மனதைத் தொட்டது. ஆனால் ஒன்று சொல்லியே ஆக வேண்டும். இந்தப் படம் வந்த நாளிலிருந்து "நம்ம தமிழ் திரையில் வந்துவிட்டது" என்று எல்லாரும் எழுதுகிறார்கள். யாருடைய தமிழ்? நான் மலையகத் தமிழன், அட்டன் பக்கம் தேயிலைத் தோட்ட லயத்தில் பிறந்தவன், கொழும்புக்கு வந்து பதினொரு வருசம். சென்னையில் நான் வாயைத் திறந்தால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். வெள்ளவத்தையில் திறந்தால்தான் "தம்பி எந்த ஊர்?" என்று கேட்பார்கள்.

ராமேஸ்வரத்தில் போய் இறங்குவதும் எங்களுக்குப் புதுக்கதை இல்லை. 1948இல் எங்கள் மலையக ஆட்களின் பிரஜாவுரிமையைப் பறித்தார்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று எங்களைப் பங்கு போட்டார்கள். எங்கள் தாத்தாவின் தம்பி தலைமன்னாரில் கப்பலேறி அப்படித்தான் போய் இறங்கினார். ஒரு கடிதம் வந்தது, பிறகு இல்லை. இலங்கைத் தமிழன் ராமேஸ்வரம் போன கதை என்றால் இதையும் சேர்த்துப் பேசுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

என் அனுபவம் பிரசன்ன விதானகேயின் 'பரடைஸ்' படம். 2022 பொருளாதார நெருக்கடி நேரத்தில் கேரளத் தம்பதி மலைநாட்டுக்கு வருகிறார்கள், அவர்களுடைய சாமான் களவு போகிறது, பொலிஸ் தோட்டத்துப் பெடியன்களை இழுத்து வருகிறது. அந்த இடத்தில் என் பின்வரிசையில் ஒருவர் சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார், "இவங்கதான் எடுத்திருப்பாங்க." கையில் இருந்த தண்ணிப் போத்தலை இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தேன். அடிபட்டவர்களில் ஒருத்தன் செத்துப்போன பிறகு பின்வரிசையில் சத்தமே இல்லை.

லைட் போட்டதும் திரும்பிப் பார்த்தேன். எங்கப்பா வயசு, கையில் ஒஃபிஸ் பேக். எழும்பியவர் என்னைக் கண்டதும் நின்று, நான் முதலில் போகட்டும் என்று வழி விட்டார். மரியாதைக்கா, வேறு ஏதாவதா? பஸ்ஸில் வீடு வரும்வரை அதையே யோசித்தேன்.

தெஹிவளை வாசகி

என்னுடையது ஒரு இங்கிலீஷ் நாவல். 'பிரதர்லெஸ் நைட்', 2024இல் விமன்ஸ் பிரைஸ் வாங்கியது. யாழ்ப்பாணத்தில் டொக்டராக ஆசைப்படுகிற சஷி, அவளுக்கு நான்கு சகோதரர்கள். அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது, அதனால் இரவில் சாப்பாடு முடிய நான் தமிழில் சொல்லிச் சொல்லி வாசிப்பேன். தலைப்புக்கு என்ன அர்த்தம் என்று முதல் நாளே கேட்டா. "சகோதரர் இல்லாத இரவு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி, வாசி" என்றா.

யாழ்ப்பாண நூலகம் எரிகிற இடம்வரை நன்றாகப் போனது. அம்மா இடையிடையே திருத்தவும் செய்தா, அந்த வீதி இப்படி இல்லை, புட்டுக்கு இது வைக்க மாட்டினம் என்று. பிறகு 83 ஜூலை. சஷி கொழும்பில் அம்மம்மா வீட்டில் நிற்கிறாள். கும்பல் வருகிறது என்று நான் சொன்னதும் அம்மா எழும்பிப் போய் முன்கதவுக் கொண்டி போட்டிருக்கிறதா என்று பார்த்தா. ஏற்கெனவே போட்டுத்தான் இருந்தது. அதை ஒருக்கால் கழற்றித் திரும்பவும் போட்டா. வந்து இருந்து, "பெரிய அண்ணனைப் பற்றி வாசிக்காதை" என்றா.

அண்ணன் நிரஞ்சனுக்கு என்ன நடக்கிறது என்று நான் இன்னும் சொல்லவே இல்லை.

அம்மாவுக்கும் ஒரு அண்ணா இருந்தவர். படம் சாமியறையில் இருக்கிறது. அவரைப் பற்றி அம்மா வாய் திறப்பதில்லை, நாங்களும் கேட்பதில்லை. மீதிப் புத்தகத்தை நான் தனியாக வாசித்து முடித்தேன். அம்மாவின் காதுக்குத் தெரியாமல் ஏதோ களவு செய்த மாதிரி இருந்தது.

பம்பலப்பிட்டி, ஓய்வூதியர்

பிள்ளை, கோபிக்க வேண்டாம். வயதுபோனவர்களுக்கு இப்படியான புத்தகத்தை இரவில் வாசித்துக் காட்டக்கூடாது, நித்திரை போய்விடும். பகலில், வெளிச்சம் இருக்கிற இடத்தில் வாசியுங்கள். முதலில் நீங்கள் முழுதும் வாசித்து முடியுங்கள், பிறகு எதைச் சொல்வது எதை விடுவது என்று தெரியும். வெள்ளவத்தையில் தமிழ்ச் சங்க நூலகத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், தமிழிலேயே எடுத்துத் தானே வாசிக்கட்டும். பூபாலசிங்கம் புத்தகக்கடையில் போய் நின்று நான்கு புத்தகம் புரட்டினாலே மனம் ஆறும். செப்டம்பரில் பண்டாரநாயக்க மண்டபத்துப் புத்தகக் கண்காட்சிக்குப் போவதென்றால் கிழமை நாளில் காலையில் போங்கள், சனி ஞாயிறு உள்ளே நுழையவே முடியாது. இங்கிலீஷ் நாவலை வாய்க்கு வந்தபடி மொழிபெயர்த்துச் சொன்னால் எழுதினவர் பட்ட பாடு போய்விடும், கடினமான இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்து மறுநாள் சொல்லலாம். கொட்டாஞ்சேனைத் தம்பி, நீர் சொன்னது முழுக்கச் சரி, ஆனால் ஒரு படம் எல்லாருடைய கதையையும் சொல்லாது. உம்முடைய தாத்தாவின் தம்பியைப் பற்றி நீர் எழுதும். பெயர், தோட்டம், கப்பலேறின வருசம், அந்தக் கடிதத்தில் இருந்தது, எல்லாம் ஒரு கொப்பியில் போட்டு வையும்.

என்னுடையது சின்னது. 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாத நாட்களில், மெழுகுதிரி வெளிச்சத்தில் 'பொன்னியின் செல்வன்' திரும்ப வாசித்தேன். பக்கத்து ஃபிளாற் பெடியன், ஒன்பது வயது, புழுக்கத்தில் என் வாசலில் வந்து இருந்து கேட்பான். அருள்மொழிவர்மன் அனுராதபுரத்தில் நிற்கிற இடம் வந்தது. "தாத்தா, அவர் எங்கட ஆளா, அவங்கட ஆளா?" என்று கேட்டான். இடிந்த விகாரைகளைத் திருத்துகிறார், பிக்குமாரே மணிமுடியைக் கொடுக்கிறார்கள், வேண்டாம் என்கிறார் என்று வாசித்துக் காட்டினேன். "அப்ப ரெண்டு பேருக்கும் ஆளா?" என்றான். முப்பத்திரண்டு வருசம் படிப்பித்த எனக்கு மறுமொழி வரவில்லை. மெழுகுதிரி முடிந்துபோச்சு, நாளைக்குச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். செப்டம்பரில் படம் வந்தபோது அவர்கள் குடும்பமாக வெளிநாடு போய்விட்டார்கள்.

தெஹிவளை வாசகி

ஐயா, நான் ஆலோசனை கேட்டு எழுதவில்லை. அம்மாவுக்குத் தமிழ்ப் புத்தகம் கிடைக்காததும் பிரச்சினை இல்லை, வீட்டில் அலுமாரி நிறைய இருக்கிறது. அவவுக்கு நான் வாசித்துக் கேட்கத்தான் விருப்பம்.

இங்கே எழுதியதை நேற்று அம்மாவிடம் சொன்னேன். வாளி விசயத்தைக் கேட்டுவிட்டு, "அந்த மனிசி எந்தப் பக்கம் இருந்தவவாம்?" என்று மட்டும் கேட்டா. தெரியாது என்றேன். பிறகு விளக்கைப் போட்டுவிட்டு வந்து இருந்தா. "அந்தப் புத்தகத்தை எடு. பெரிய அண்ணன்ர இடத்தைத் தாண்டி வாசி. அந்தப் பெட்டை டொக்டரானவளோ எண்டு பாப்பம்."

வெள்ளவத்தைக்காரி

தெஹிவளைப் பிள்ளை, அந்த அன்ரி எந்தப் பக்கம் என்று எனக்கும் தெரியாது. மெல்லிய நீலச் சேலை, கையில் ஒரு துணிப் பை, பேத்தி கண்ணாடி போட்டவள். யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.