பயிர்க்கழிவை எரிக்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்ட கதைகள்

உமிமூட்டை எழுதியது:

பயிர்க்கழிவிலிருந்து எரிசக்தி என்றாலே எல்லோரும் எந்திரத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். எத்தனை கிலோவாட், போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும், இப்படி. நான் பாடுபட்டது எந்திரத்தோடு இல்லை, உள்ளே போட்ட சரக்கோடு. அந்த மாதிரி அனுபவம் இருப்பவர்கள் இங்கே எழுதுங்கள். முதலில் என்னுடையது.

உமியை அழுத்திக் கட்டியாக்கும் ஸ்க்ரூ பிரஸ் ஒன்றில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். உமி நல்ல எரிபொருள்தான். நெல் எடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உமி. அரவை முடிந்ததும் காய்ந்த நிலையில் ஒரே இடத்தில் குவிந்துவிடும், வயல் வயலாகப் போய்ப் பொறுக்க வேண்டாம். கிலோவுக்கு 3,000 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தரும். இதெல்லாம் விளக்கக் கையேட்டில் இருந்தது. இல்லாதது என்ன என்றால், எரித்த உமியில் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும், அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிகா என்பது. மணலில் இருக்கும் அதே பொருள். ஆக, உமியோடு சேர்த்து உப்புத்தாளையும் பிரஸ்ஸுக்குள் விட்டுக்கொண்டிருந்தோம்.

காலையில் புது ஸ்க்ரூ மாட்டினோம். மதியம் வரை கட்டி பளபளவென்று, தட்டினால் கணீரென்று வந்தது. சாயங்காலம் வந்ததெல்லாம் கையில் எடுத்தாலே உதிர்ந்தது. உமியில் பசை எதுவும் சேர்ப்பதில்லை. அதில் இருக்கும் லிக்னின் என்ற இயற்கைப் பொருள் சூட்டில் இளகித்தான் கட்டி பிடிக்க வேண்டும். சரி, சூடு போதவில்லை போல என்று கட்டி வெளியே வரும் அச்சுக்குழாயான டையைச் சுற்றியிருந்த ஹீட்டரைக் கூட்டினோம். புகைதான் கூடியது. கழற்றிப் பார்த்தால், ஸ்க்ரூவின் முனை மறைகள் எல்லாம் சப்பிப்போட்ட மிட்டாய் மாதிரி வழவழவென்று தேய்ந்திருந்தன. ஒரே நாளில்!

அப்புறம் முனையில் கடின உலோகத்தை வெல்டிங் வைத்துப் பூசி, மூன்று ஸ்க்ரூவை மாற்றி மாற்றிப் போட்டோம். ஒன்று ஓடும், ஒன்று ஆறும், ஒன்று வெல்டரிடம் இருக்கும். அந்த வெல்டருக்கு நாங்கள் கொடுத்த கூலியை யாரும் திட்டச் செலவில் எழுதியிருக்கவில்லை.

ஈரம் இன்னொரு தொல்லை. உமியில் ஈரம் பத்து சதவீதத்தைத் தாண்டினால் டைக்குள் நீராவி அடைபட்டு, கட்டி 'டப்' என்று துப்பாக்கிக் குண்டு போலப் பாயும். எதிர்ச்சுவரில் ஒரு பள்ளமே விழுந்திருந்தது. யாரும் அந்தப் பக்கம் நடக்க மாட்டோம்.

களத்துமேடு எழுதியது:

அண்ணா, உங்களுக்காவது சரக்கு இருந்த இடத்திலேயே கிடைத்தது. நாங்கள் வைக்கோலைத் தேடிப் போன கூட்டம்.

உதிரி வைக்கோலை வண்டியில் ஏற்றினால் காற்றைத்தான் ஏற்றிக்கொண்டு போகிறோம். ஒரு கன மீட்டருக்கு நூறு கிலோகூடத் தேறாது. அதையே அழுத்திச் சின்னச் சின்ன உருளைகளாக, அதாவது பெல்லட்டாக்கினால் 600 கிலோவுக்குக் குறையாமல் நிற்கும். ஆனால் பெல்லட் ஆலை வரை போக முதலில் பேலர் வைத்துக் கட்டாக்க வேண்டும். அறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் நடுவில் கிடைப்பதே இரண்டு மூன்று வாரம். அதற்குள் நாம் வயலைக் காலி செய்து தராவிட்டால் விவசாயி ஒரு தீக்குச்சியில் வேலையை முடித்துவிடுவார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

அந்த அவசரத்தில் ஒரு நாள் பனி காய்வதற்கு முன்பே பேலரை ஓட்டிவிட்டோம். மேலே தொட்டால் மொறுமொறுவென்றுதான் இருந்தது. அடுக்கிப் பத்து நாளுக்குப் பிறகு போர்ப் பக்கம் போனால் ஒரு வாசம். புகை வாசம் இல்லை. சுருட்டுப் புகையிலையும் கருகிய சர்க்கரைப் பாகும் கலந்த மாதிரி, சொல்லப்போனால் நல்ல வாசம். ஆள் உயரக் கம்பி ஒன்றைப் போருக்குள் செருகி, கால் மணி நேரம் விட்டு உருவினேன். நுனியைப் பிடிக்க முடியவில்லை.

நான் உடனே லோடரைக் கூப்பிட்டு, கட்டுகளைப் பிரித்துப் போடச் சொன்னேன். அதுதான் நான் செய்த தப்பு. உள்ளே இருந்த கட்டு கரி நிறத்தில் வெளியே வந்தது. மூன்று நான்கு நொடிதான், காற்றுப் பட்டதும் குபீரென்று பிடித்துக்கொண்டது. தண்ணீர் வண்டி வருவதற்குள் பாதிப் போர் போய்விட்டது. லோடர் ஓட்டிய தம்பி குதித்துத் தப்பினான்.

பிறகுதான் விவரம் தெரிந்தது. ஈரம் இருபது சதவீதத்தைத் தாண்டிய கட்டுக்குள் நுண்ணுயிர்கள் வேலையை ஆரம்பித்துவிடும். அவை விடுகிற சூடு 70 டிகிரியை எட்டும்போது அவை செத்துவிடுகின்றன, ஆனால் அதற்குள் வைக்கோலே வேதிவினையில் தானாகச் சூடாகத் தொடங்கியிருக்கும். அந்தக் கட்டத்தில் பிரிப்பதாக இருந்தால் தண்ணீரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டுதான் பிரிக்க வேண்டும். இப்போது ஈரமானி இல்லாமல் ஒரு கட்டுகூட உள்ளே வராது. போர்களையும் சின்னதாக, இடைவெளி விட்டுத்தான் போடுகிறோம்.

வரப்போரம் எழுதியது:

அந்தப் புகையிலை வாசம்! எங்களிடமும் வந்தது. 'வைக்கோல் நன்றாகப் பதமாகிறது' என்று சந்தோஷப்பட்டோம். மீதியை எழுத விருப்பமில்லை.

நீலச்சுடர் எழுதியது:

நான் எரிக்கிற ஆள் இல்லை, புளிக்கவைக்கிற ஆள். சாண எரிவாயுக் கலன் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. வைக்கோலைப் போட்டால் வாயு இன்னும் கூடும் என்று படித்துவிட்டு, நறுக்காமல் கொள்ளாமல் அப்படியே திணித்தேன். கூடுவதாவது! மூன்றாவது வாரம் அடுப்பு அணைந்தே போய்விட்டது. மூடியைத் திறந்தால் வைக்கோல் மேலே மிதந்து, பின்னிக்கொண்டு, பாய் முடைந்தது மாதிரிக் கிடக்கிறது. கம்பை ஊன்றினால் கம்பு நின்றது. கீழே உருவான வாயு மேலே வரவே வழியில்லை.

வைக்கோல் வெறும் கரிச்சத்து. நைட்ரஜன் ஒரு பங்குக்குக் கரி எழுபது எண்பது பங்கு இருக்கும், நுண்ணுயிர்களுக்கு வேண்டியதோ இருபதிலிருந்து முப்பது பங்குதான். விரற்கடை நீளத்துக்கு நறுக்கி, கலனிலிருந்து வெளியேறும் கரைசலிலேயே சில நாள் ஊறவைத்து, சாணத்தோடு கலந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன். தினமும் ஒரு கிளறல். வாயு திரும்ப வந்தது, முன்பைவிட அதிகமாகவே.

அதோடு நின்றிருக்கலாம். பேராசை யாரை விட்டது? பச்சைத் தழையும் அழுகிய காய்கறியும் வண்டி வண்டியாகக் கிடைக்கிறதே என்று ஒரே வாரத்தில் தீனியை இரண்டு மடங்காக்கினேன். கலன் புளித்துவிட்டது. அமிலம் உண்டாக்கும் கூட்டம் வேகமாக வளரும், அதைத் தின்று மீத்தேன் தரும் கூட்டம் மெதுவாகத்தான் வளரும், அதனால் அமிலம் தேங்கிவிடும். கலன் நிறைய வாயு இருந்தது, தீக்குச்சி காட்டினால் சுடர் எழும்பித் தாவி அணைந்தது. முக்கால்வாசி கரியமில வாயு போல. இரண்டு வாரம் தீனியை நிறுத்தி, கொஞ்சம் சுண்ணாம்புக் கரைசலும் புதுச் சாணமும் விட்டுத்தான் பிழைக்க வைத்தேன். பேர் மட்டும்தான் கலன். நடந்துகொள்வதெல்லாம் மாட்டு வயிறு மாதிரிதான்.

இன்னொன்று. வாயுவிலுள்ள ஹைட்ரஜன் சல்பைடு எஞ்சினை அரிக்கும் என்பதால் குழாயில் துருப்பிடித்த இரும்புச் சீவலை அடைத்து வைத்திருந்தோம். துரு அந்த வாயுவைப் பிடித்துக்கொண்டு கறுத்துவிடும். கறுத்த சீவலை வெளியே எடுத்துக் காய்ந்த சாக்கின் மேல் கொட்டிவிட்டு அந்தப் பக்கம் திரும்பினேன். கறுத்த சீவல் காற்றில் மறுபடி துருவாக மாறும்போது சூடு விடும் என்பது எனக்கு அன்றைக்குத் தெரியாது. சாக்கு புகைய ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. இப்போது வெளியே எடுப்பதற்கு முன்பே தண்ணீர் தெளித்துவிடுகிறேன்.

பழையஃபிட்டர் எழுதியது:

பாய்லர் பக்கத்திலிருந்து ஒன்று. கோதுமைத் தாள் எரிக்கும் பாய்லர் அது. அந்த வருடம் முதலில் வந்த சரக்கு பொன் நிறம், முத்து மாதிரி இருந்தது. இரண்டே நாளில் எரிபொருள் கிடந்து எரியும் கம்பித் தட்டான கிரேட்டின் மேல் சாம்பல் உருகிக் கண்ணாடிப் பாளமாக உறைந்துவிட்டது. நிறுத்தி, ஆறவிட்டு, கடப்பாரையும் சுத்தியலுமாக உடைத்து எடுத்தோம். ஆவிக் குழாய்களின் மேலும் பிசுபிசுப்பான படிவு. மூன்று முறை இதே கதை.

அப்புறம் ஒரு லோடு வந்தது. வயலில் கிடந்தபோது மழையில் நனைந்து, திரும்பக் காய்ந்து, சாம்பல் பூத்த நிறத்தில் இருந்தது. வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்போம், வேறு சரக்கு இல்லாததால் போட்டோம். பத்து நாள் ஓடியது, பாளம் பெரிதாகக் கட்டவில்லை. எனக்கு நம்பவே முடியவில்லை.

காரணம் எளிது. தாளில் பொட்டாசியமும் குளோரினும் உண்டு. சாம்பலைக் குறைந்த சூட்டிலேயே உருக வைப்பதும் குழாயை அரிப்பதும் இவைதான். இரண்டுமே தண்ணீரில் கரையும். மழை நமக்காகக் கழுவிக் கொடுத்துவிட்டது. வைக்கோலை எரித்தே மின்சாரமும் ஊருக்கெல்லாம் வெந்நீரும் கொடுக்கிற டென்மார்க்கில் இந்த விஷயம் வெகுநாளாகத் தெரியுமாம். அழகான சரக்கைப் பார்த்தால் இப்போது எனக்குச் சந்தேகம்தான் வருகிறது.

களத்துமேடு எழுதியது:

ஃபிட்டர் ஐயா, அப்படியானால் நனைந்ததை வாங்கவா, வேண்டாமா? நான் ஈரத்தால் பாதிப் போரை இழந்தவன்!

பழையஃபிட்டர் எழுதியது:

வயலில் விரிந்து கிடக்கும்போது நனையட்டும் தம்பி. நன்றாகக் காய்ந்த பிறகு கட்டுங்கள். கட்டிய பிறகு நனைந்தால் கரைந்த உப்பு உள்ளேயே இருக்கும், ஈரமும் சேர்ந்துகொள்ளும், இரண்டு பக்கமும் நஷ்டம். வயலில் கழுவப்பட்ட பொட்டாசியம் அந்த மண்ணுக்கே போகும் என்பதால் விவசாயிக்கும் லாபம். நெற்பயிர் எடுக்கும் பொட்டாசியத்தில் பெரும்பகுதி வைக்கோலில்தான் நிற்கிறது. அத்தனையையும் நாம் வருடா வருடம் வாரிக்கொண்டு வந்தால் அவர் உரம் வாங்கித்தான் ஈடுகட்ட வேண்டும். ரொம்ப நாள் வயலிலேயே போட்டு அழுகவும் விட்டுவிடாதீர்கள், எரியும் சத்தே போய்விடும்.

உமிமூட்டை எழுதியது:

சாம்பல் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். வைக்கோல் சாம்பல் வயலுக்குப் போகலாம். உமிச் சாம்பல் விஷயத்தில் கவனம் வேண்டும். அடுப்புச் சூடு எல்லை மீறினால் அதிலுள்ள சிலிகா படிகமாக மாறும், அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. நாங்கள் முதல் வருடம் வெறும் துண்டைக் கட்டிக்கொண்டு காய்ந்த சாம்பலைக் கூட்டி வாரினோம், இருமல் மாதக்கணக்கில் நீடித்தது. இப்போது முதலில் தண்ணீர் தெளித்து, நல்ல முகக்கவசம் போட்டு, பிறகுதான் மண்வெட்டியைத் தொடுகிறோம். வரப்போரம் நண்பரே, அந்த மீதிக் கதையை எழுதுங்கள், நேரம் கிடைக்கும்போது எழுதினால் போதும்.