கலைச்சொல் விவாதம்: ஆளை மறைத்து ஆடும் ஆட்டத்துக்கு என்ன பெயர்?

ம., பாளையங்கோட்டை

அன்புள்ள குழுவினர்க்கு வணக்கம். ஒரு சொல் அவசரமாக வேண்டும். கோடை விடுமுறையில் ஊர் நூலகத்தில் 36 பிள்ளைகளுக்கு ஐந்து நாள் முகாம் நடத்துகிறோம். கையில் இருப்பவை இரண்டு கேரம் பலகைகளும் மூன்று சதுரங்கப் பலகைகளும்தான். 14 பேர் ஆடினால் 22 பேர் வேடிக்கை பார்க்க வேண்டும். அதனால் கூட்டத்தில் மறைந்திருக்கும் சிலரைப் பேசியே கண்டுபிடிக்கும் மாஃபியா, ஓநாய் போன்ற ஆட்டங்களின் விதிகளைத் தமிழில் எட்டுப் பக்கச் சிறுநூலாக எழுதியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் பெயர் இருக்கிறது, வகைக்கு இல்லை. ஆங்கிலத்தில் 'சோஷியல் டிடக்ஷன் கேம்' என்பதைச் 'சமூக உய்த்தறி விளையாட்டு' என்று எழுதி மகளிடம் காட்டினேன். சமூக அறிவியல் பாடமா என்று கேட்டாள். அதை அட்டையில் போட மனம் வரவில்லை.

இ., சென்னை

அம்மா, சொல்லைத் தேடுமுன் ஆட்டத்தைப் பார்த்துவிடுவோம். மாஃபியா, மாஸ்கோ அரசுப் பல்கலைக்கழகத்தில் உளவியல் படித்த திமித்ரி தவீதவ் 1980களின் பிற்பாதியில் உருவாக்கியது. எல்லாம் தெரிந்த சிலரும் ஒன்றும் தெரியாத பலரும் மோதினால் என்ன ஆகும் என்பதுதான் அதன் கரு. 'இரவில்' எல்லோரும் கண்ணை மூடியிருக்க, மாஃபியாவாகச் சீட்டு எடுத்த சிலர் மட்டும் கண் திறந்து ஒருவரைச் சுட்டிக் 'கொல்வார்கள்'. 'பகலில்' எல்லோரும் பேசி, சந்தேகப்படும் ஒருவரை வெளியேற்றுவார்கள். 1997இல் ஆண்ட்ரூ பிளாட்கின் அதை ஓநாய்க் கதையாக்கினார். பலகை வேண்டாம், காய் வேண்டாம், மடித்த துண்டுச்சீட்டு போதும்.

தாயத்துக்குப் பத்துப் பேர் உட்கார்ந்தால் தன் முறைக்குக் காத்திருப்பதிலேயே பொழுது போய்விடும். இங்கே ஒருவர் வாய் திறந்தால் மற்றவர்கள் அத்தனை பேரும் அவர் முகத்தைப் படித்தபடி ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆள் கூடக்கூடச் சந்தேகமும் கூடுகிறது, சுவையும் கூடுகிறது. ஒரே குறை, முதல் இரவில் 'செத்த' பிள்ளை கடைசிவரை சும்மா இருக்க வேண்டும். 2009இல் வந்த 'ரெசிஸ்டன்ஸ்' என்ற ஆட்டம் அதைச் சரிசெய்தது. அதில் யாரும் வெளியேறுவதில்லை. ஆனால் பத்துப் பேர் வரைதான் ஆடலாம். பத்தில் நால்வர் மறைந்திருக்கும் ஒற்றர். 36 பேரை ஒன்பது ஒன்பதாக நான்கு வட்டமாக்குங்கள்.

எனவே பெயரில் வர வேண்டியது உய்த்தறிதல் அன்று, மறைப்பு. 'ஒற்றர் ஆட்டம்' என்பது என் முன்மொழிவு.

வ., கோவை

இது நமக்குப் புதிதா என்ன? மழையால் விளையாட்டு வகுப்பு நின்றுபோன நாளில் ராஜா, ராணி, மந்திரி, போலீஸ், திருடன் என்று சீட்டெழுதிக் குலுக்கிப் போடாதவர் நம்மில் யார்? போலீஸ் சீட்டு எடுத்தவன் திருடனைப் பிடிக்க வேண்டும், தவறினால் அவன் புள்ளி திருடனுக்கு. 'திருடன் சீட்டு' என்றே வகைக்கும் பெயர் வைக்கலாம். சீட்டு என்றதும் பெற்றோர் பணம் வைத்து ஆடுவதை நினைப்பார்கள் என்றால், 'முகமூடி ஆட்டம்'. ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு விளக்கம் இல்லாமல் புரியும்.

சு., தஞ்சாவூர்

எங்கள் பக்கம் திருடனைப் பிடிப்பவர் மந்திரிதான். அது நிற்க.

'ஒற்றர்' பொருந்தாது. 'ஒற்றொற் றுணராமை ஆள்க' என்கிறார் வள்ளுவர். ஓர் ஒற்றனை மற்றோர் ஒற்றன் அறியக் கூடாது. இ. சொல்லும் ஆட்டத்திலோ அவர்கள் கண்ணைத் திறந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். தனிமடலில் ஒருவர் 'மறையாள் ஆட்டம்' என்றார். மறையாள் என்றால் 'அவள் மறைய மாட்டாள்' என்றும் பொருளாகிவிடும். 'ஒளி'யும் ஆகாது. ஒளிந்தவன் கண்ணுக்குத் தெரிய மாட்டான், அது கண்ணாமூச்சி. இங்கே ஆள் எதிரிலேயே சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறான்.

உள்ளதை வைத்துக்கொண்டே இல்லை என்பதற்குத் தமிழில் ஒரு வினை உண்டு: கரத்தல். 'காக்கை கரவா கரைந்துண்ணும்' என்பதைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவார்கள். 'காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை' என்கிறது நன்னூல். 'ஊறுகாய்' என்ற சொல்லில் காலம் இருக்கிறது, காட்டிக்கொள்ளவில்லை. ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டு உட்கார்ந்திருப்பதைக் கரந்துறைச் செய்யுள் என்றார்கள். கரவு, கருமை, கார் மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. கரப்பான் பூச்சிக்கும் இருட்டில் கரப்பதாலேயே அப்பெயர் என்பேன். இதைத் தனி மடலாக விரிக்கிறேன். உறவு, உறவாடு, கரவு, கரவாடு. ஆகவே 'கரவாட்டம்'.

பெ., மதுரை

புலவர் சு. ஐயாவிடம் மாறுபடுகிறேன். கரவு தனி ஒருவன் குணம். இவ்வாட்டத்தின் உயிர் கூட்டத்தில் இருக்கிறது. நம்மோடு கூட இருந்து நம் கூட்டத்தைக் கெடுப்பதற்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே தந்திருக்கிறார்: உட்பகை. அதன் கடைசிக் குறளில் வரும் குடிசைக்குள் பாம்போடு குடியிருக்கும் படத்தைவிட இந்த ஆட்டத்துக்கு வேறு விளக்கம் வேண்டுமா? 'உட்பகை ஆட்டம்'.

ந., யாழ்ப்பாணம்

ம. டீச்சர், பெயர் எதுவாகவும் இருக்கட்டும், 'முகமூடி' மட்டும் வேண்டாம். எங்கள் ஊரில் போர்க்காலத்தில் ராணுவச் சுற்றிவளைப்பு நடக்கும்போது இளைஞர்களை வரிசையில் நிறுத்துவார்கள். முகத்தை மூடிய ஒருவரைக் கொண்டுவந்து உட்கார்த்துவார்கள். கண்ணுக்கு மட்டும் துளை. அவர் தலையாட்டினால் அந்தப் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார்கள். அவருக்குத் 'தலையாட்டி' என்றே பெயர். அந்த வரிசையில் நானும் நின்றிருக்கிறேன். உங்கள் சிறுநூல் இணையத்தில் வந்தால் இங்கேயும் பிள்ளைகள் எடுத்து ஆடுவார்கள், அதை நான் விரும்புகிறேன். அதனால்தான் கேட்கிறேன். 'உட்பகை'யும் எனக்குக் கனமாகவே படுகிறது.

வ., கோவை

ந. அண்ணா, 'முகமூடி'யை விலக்கிக்கொள்கிறேன். எனக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

ஆனால் 'கரவாட்டம்' கூடாது. ஓர் எழுத்து மாறினால் கரகாட்டம். முகாமுக்கு வரும் பிள்ளைகளும் பெற்றோரும் தலையில் கரகம் வைத்து ஆடுவதைத்தான் நினைப்பார்கள். 'கரவா' பாடத்தில் இருக்கிறது, வாயில் இல்லை. வாயில் இல்லாத சொல்லை அட்டையில் போட்டால் அது அட்டையோடு நின்றுவிடும். 'யார் கள்ளன்?' என்று வையுங்கள்.

சு., தஞ்சாவூர்

'யார் கள்ளன்?' ஒரு கேள்வி. கேள்வி வகைப்பெயர் ஆகாது. 'யார் கள்ளன் ஆட்டங்களின் விதிகள்' என்று எழுதிப் பாருங்கள். பிள்ளைகளுக்குத் தெரியாத சொல்லைக் கற்பிப்பதும் ஆசிரியர் வேலைதானே? 'கணினி'யும் ஒருநாள் யார் வாயிலும் இல்லாத சொல்தான்.

ம., பாளையங்கோட்டை

எல்லோருக்கும் நன்றி. நேற்று மாலை தெருப் பிள்ளைகள் ஒன்பது பேரை உட்கார்த்தி ஒத்திகை பார்த்தேன். இரவு வந்தது, எல்லோரும் கண்ணை மூடினார்கள். கள்ளர் இருவரைக் கண் திறந்து ஆளைச் சுட்டச் சொன்னேன். சுட்டியவளின் கண்ணாடி வளையல்கள் கலகலவென்றன. காலையானதும் ஏழு விரல்கள் அவள் பக்கம் நீண்டன. கூட்டாளிச் சிறுவன்தான் முதலில் நீட்டினான், தான் தப்புவதற்காக. அடுத்த இரவிலிருந்து கண்ணை மூடியபடி அனைவரும் தரையைத் தட்ட வேண்டும் என்று விதி சேர்த்திருக்கிறேன்.

விளையாடி முடித்ததும் 'யார் கள்ளன்?', 'கரவாட்டம்' என்ற இரண்டு பெயர்களையும் சொன்னேன். 'கரவாட்டம்' என்றதும் ஒருத்தி 'காக்கை கரவா' என்று முழுக் குறளையும் ஒப்பித்தாள். மூன்று பேர் கரகமா என்று கேட்டார்கள். மற்றவர்கள் அடுத்த ஆட்டம் எப்போது என்றார்கள்.

இங்கே எழுதியவர்கள் கரவாட்டம், 'யார் கள்ளன்?', உட்பகை என்று பிரிந்து நிற்கிறீர்கள். அட்டையில் பெரிதாக 'யார் கள்ளன்?', அதன் கீழே சிறிதாக 'கரவாட்டங்கள் நான்கு'. 'மாஃபியா'வுக்குக் 'கள்ளர்', எதிரணிக்கு 'ஊரார்', நடத்துபவருக்குக் 'கதைசொல்லி'. அச்சகத்தில் தட்டச்சு செய்தவர் இரண்டு இடத்தில் 'கரகாட்டம்' என்று திருத்திவிட்டார். மெய்ப்பில் பார்த்துச் சரிசெய்துவிட்டேன்.

பெ., மதுரை

அச்சாகட்டும். வளையல் ஓசை கேட்டதும் முதலில் விரல் நீட்டியவன் அவளுடைய கூட்டாளி என்று ஆசிரியையே எழுதியிருக்கிறார். அதற்குப் பெயர் கரவு என்பதா, உட்பகை என்பதா? இரண்டாம் பதிப்பு வரும்போது மறுபடியும் கேட்பேன்.